மண்ணும் மானமும்

சென்னையிலிருந்து மாமல்லபுரத்துக்குக் கடலோரமாகப் போகும் சாலையில் இருபுறமும் பாருங்கள், தோழர்களே! வேலி, வேலிக்குள் பலகை, பலகையிலே மனையின் விலை! ஒரு காலத்தில் மணலும் சவுக்குமாகக் கிடந்த பூமி இன்று சதுர அடிக் கணக்கிலே விற்கிறது. பாறையைக் குடைவித்த பல்லவ மன்னன் பெயரைச் சொல்ல அங்கே வழிகாட்டிகள் உண்டு. அந்தப் பாறையோடு போராடிய உழைப்பாளியின் வழிவந்தவன் எங்கே குடியிருக்கிறான், அவன் பெயரிலே அரைக் காணி நிலமாவது உண்டா என்று சொல்லுவார் உண்டா? கேட்டுப் பாருங்கள். சேரிக்காரனுக்கு ஏது நிலம் என்று சிரிப்பார்கள்.

சிரிக்கட்டும்! ஆனால் சர்க்கார் ஏடு வேறு கதை சொல்லுகிறது. 1892ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் சென்னை மாகாண அரசு வருவாய்த்துறையின் 1010ஆம் எண் ஆணையைப் பிறப்பித்தது. தாழ்த்தப்பட்ட மக்களுக்குத் தரிசு நிலம் தருவதற்கு வழி திறந்த ஆணை அது. அந்த வழியிலே வந்தவைதான் பஞ்சமி நிலங்கள். மாகாணம் முழுவதும் 12 லட்சம் ஏக்கர் என்பது நில உரிமை இயக்கங்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் கணக்கு.

கேட்டது யார்? கொடுத்தது யார்? கெடுத்தது யார்? இந்த மூன்று கேள்விக்கும் விடை தெரிய வேண்டுமானால், செங்கற்பட்டு மண் பெற்றெடுத்த ஒரு பெருமகனின் வாழ்க்கையைத் தெரிந்துகொள்ள வேண்டும். அவர்தான் திவான்பகதூர் இரட்டைமலை சீனிவாசன்.

மிராசு என்னும் சிறை

1859ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள், மதுராந்தகத்தை அடுத்த கோழியாளத்தில் பிறந்தார் சீனிவாசன். அவர் பிறந்த காலத்தில் செங்கற்பட்டு ஜில்லா என்றால் மிராசு என்று பொருள். ஊரிலே உள்ள நன்செய், புன்செய் மட்டுமல்ல, தரிசும் நத்தமும்கூடத் தங்கள் பரம்பரைச் சொத்து என்றார்கள் மிராசுதார்கள். சேரிக்காரன் குடிசை போட்டிருந்த இடமே மிராசுதாருடையது! கூலி போதவில்லை என்று வாய் திறந்தால் வயல் வேலை போகும், அத்தோடு நின்றதா? குடிசையும் போகும்! கலியாணத்துக்கு வாங்கிய சில ரூபாய்க் கடனுக்காகத் தகப்பன் படியாளானான். தகப்பன் மாண்டால் மகன் படியாளானான். கடன் மட்டும் மாளவில்லை.

சரி, சும்மா கிடக்கும் தரிசைச் சர்க்காரிடம் கேட்டு வாங்கிப் பயிரிடலாமே என்பீர்கள். அதற்குத் தர்க்காஸ்து என்று பெயர். மனுப் போடலாம். போட்டதும் என்ன நடக்கும்? அந்த நிலத்தின்மேல் முதல் உரிமை மிராசுதாருக்கு என்றது விதி. அதுவரை அந்தத் தரிசைத் திரும்பிப் பார்க்காதவர், சேரிக்காரன் கேட்டான் என்று தெரிந்த அன்றே எனக்கு வேண்டும் என்பார். நிலம் அவருக்குப் போகும். மனுப் போட்டவனுக்கு மறுநாள் வேலையும் போகும்! உழுதவனுக்கு மண் இல்லை என்பது விதியின் விளையாட்டல்ல, தோழர்களே; எழுதி வைத்த விதிகளின் வேலை!

இந்தச் சூழலைவிட்டுச் சீனிவாசனின் குடும்பம் வெளியேறிற்று. கோவையிலே படித்தார். பள்ளியிலே பெரும்பாலோர் பார்ப்பனப் பிள்ளைகள். தன் சாதி தெரிந்துவிட்டால் என்ன ஆகுமோ என்று அஞ்சி, விளையாட்டு நேரத்தில் தனியே ஒதுங்கியிருந்து, மணி அடித்தபின் வகுப்பிலே நுழைந்து, மணி அடித்ததும் வெளியேறிய மாணவன் அவர். அந்த அச்சத்தைத்தான் பிற்காலத்தில் அவர் அடியோடு பெயர்த்தெறிந்தார்.

படிப்பு முடிந்து, நீலகிரியிலே வெள்ளையர் வணிக நிறுவனத்தில் ஏறத்தாழப் பத்தாண்டு கணக்கர் வேலை. நல்ல சம்பளம், குளிர்ந்த மலை. இருந்திருக்கலாம்! 1890இல் எல்லாவற்றையும் விட்டுச் சென்னைக்கு வந்தார்.

பெயரைக் கொடியாக்கியவர்

1891இல் பறையர் மகாசன சபையை அமைத்தார். 1893 அக்டோபரில் பத்திரிகை தொடங்கினார். நாலே பக்கம், விலை இரண்டணா. முதலில் திங்கள் இதழ், பிறகு வார இதழ். பெயர் என்ன தெரியுமா? ‘பறையன்’!

திகைக்கிறீர்கள் அல்லவா? அன்று ஊரே திகைத்தது. எந்தச் சொல்லைச் சொல்லி இழிவுபடுத்தினார்களோ, அந்தச் சொல்லையே தலைப்பில் எழுதித் தெருவிலே விற்றார். பெயரை மறைத்துக்கொண்டு உயர்ந்தால் உயர்வது ஒருவன்; பெயரைச் சொல்லிக்கொண்டே உயர்ந்தால் உயர்வது ஓர் இனம் என்பது அவர் கருத்து. அவருடைய சகோதரியின் கணவரான அயோத்திதாசப் பண்டிதர் இதை ஏற்கவில்லை. பகைவர் சூட்டிய பெயரை நாம் ஏன் சுமக்க வேண்டும், நாம் பூர்வத் தமிழர் அல்லவா என்றார் அவர். ஒரே குடும்பத்தில் இரண்டு மாமேதைகள், இரண்டு வழிகள், நோக்கம் ஒன்று! இருவர் வாதத்துக்கும் பின்னாலே இருந்தது ஒரே உண்மை. இந்த மண்ணிலே முதலில் இருந்தவர்கள் நாங்கள். எங்களுக்கே இங்கே இடமில்லையா என்ற கேள்வி அது. 1922இல், நீதிக்கட்சி ஆட்சியிலே, எம்.சி. ராஜா முதலியோரின் முயற்சியால் ஆதிதிராவிடர் என்ற பெயர் சர்க்கார் ஏட்டிலே ஏறியபோது அந்த உண்மைக்கு ஒரு முத்திரை விழுந்தது.

1893 டிசம்பர் 23ஆம் நாள், சென்னை ராயப்பேட்டை வெஸ்லியன் மிஷன் மண்டபத்திலே பெருங்கூட்டம் ஒன்றைக் கூட்டினார். இந்திய சிவில் சர்வீஸ் தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டுக்கொண்டிருந்த நேரம். கூடாது என்றார் சீனிவாசன். ஏன்? தேர்வு இங்கே நடந்தால் அந்நாளில் யார் எழுதியிருப்பார்கள், யார் கலெக்டராகியிருப்பார்கள்? மிராசுதாரின் மைத்துனன் கலெக்டராக வந்து, சேரிக்காரனின் தர்க்காஸ்து மனுவை விசாரிப்பான்! 3412 பேர் கையெழுத்திட்ட மனு லண்டன் பார்லிமெண்டுக்குப் போயிற்று. அந்த மனுவின் நீளம் 112 அடி! எழுத்தறிவே மறுக்கப்பட்ட மக்களிடம் ஒவ்வொரு கையெழுத்தாகச் சேர்த்த 112 அடி!

வெள்ளைக்காரனிடம் மனுக் கொடுத்தவர்தானே என்று இன்றும் சிலர் பேசுகிறார்கள். பேசுபவர்களைக் கேட்கிறேன்: வீட்டுத் திண்ணையில் ஏறவிடாத உள்ளூர்க்காரனிடமா கொடுப்பது? வெள்ளையன் நல்லவன் என்று நம்பிக் கொடுத்த மனு அல்ல அது. பூட்டின் சாவி அன்று அவன் இடுப்பிலே தொங்கிற்று. ஆகவே அவனைக் கேட்டார்.

கலெக்டரின் அறிக்கை

சேரியிலே சபை எழுந்த அதே 1891இல், செங்கற்பட்டுக் கலெக்டராக இருந்த திரமென்ஹீர் என்ற ஆங்கிலேயர், ஜில்லாவின் ஆதிதிராவிட மக்களைப் பற்றி ஓர் அறிக்கை எழுதி மேலிடத்துக்கு அனுப்பினார். அக்டோபர் 5 என்று தேதியிட்ட அறிக்கை. மிராசு முறை, படியாள் முறை, குடியிருக்கும் இடமே சொந்தமில்லாத நிலை, எல்லாவற்றையும் ஒளிக்காமல் எழுதினார். குடிமனை அவர்களுக்கே சொந்தமாக வேண்டும், தரிசு நிலம் அவர்களுக்குக் கிடைக்க வேண்டும், பள்ளிக்கூடம் வேண்டும் என்றார். செங்கற்பட்டில் பணியாற்றிய பாதிரியார் ஆடம் ஆண்ட்ரூ, திருவள்ளூரில் பணியாற்றிய பாதிரியார் வில்லியம் கௌடி போன்றோர் இதே குறைகளை விடாமல் எழுதினார்கள். ரெவின்யூ போர்டு இழுத்தது; மிராசுதார்கள் எதிர்த்தார்கள். ஆனாலும் செய்தி கடல் கடந்து பார்லிமெண்டுவரை போயிற்று. 1892இல் ஆணை பிறந்தது.

நிலத்தோடு சேர்ந்து நிபந்தனையும் வந்தது. முதல் பத்தாண்டு விற்கக்கூடாது, அடகு வைக்கக்கூடாது, தானம் தரக்கூடாது. பிறகு கொடுப்பதானாலும் தாழ்த்தப்பட்ட வகுப்பாருக்கே கொடுக்கலாம். வேறு யாருக்குக் கொடுத்தாலும் செல்லாது. சர்க்கார் அந்த நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். கவனியுங்கள், தோழர்களே! இன்றைக்கும் இந்த நிபந்தனை உயிரோடு இருக்கிறது. சென்னை உயர்நீதிமன்றமும் இதை ஏற்றுத் தீர்ப்பளித்திருக்கிறது.

பின் எப்படிப் போயிற்று நிலம்? நிலத்தைக் கொடுத்த கை ஒன்று. கணக்கை எழுதிய கை வேறொன்று! ஊர்க் கணக்கு கர்ணத்திடம். கர்ணம் மேல்சாதி. நிலம் பெற்றவனுக்கு ஏர் இல்லை, மாடு இல்லை, கிணறு இல்லை, விதை வாங்கக் காசு இல்லை. கடன் கொடுத்தவர் பழைய மிராசுதார். பத்திரத்திலே கைநாட்டு வைத்தவனுக்கு அது என்ன பத்திரம் என்று தெரியாது. விதை நெல்லுக்கும் நோய்க்கும் கலியாணத்துக்கும் நிலம் கைமாறிற்று. சட்டம் தடுத்ததைப் பசி கடந்தது.

சீனிவாசன் இதையெல்லாம் அறிந்தவர். சட்டம் மட்டும் போதாது. சட்டத்தைக் காவல் காக்க மானமுள்ள மக்கள் கூட்டம் வேண்டும். சபை எதற்கு, பத்திரிகை எதற்கு, 112 அடி மனு எதற்கு என்பதற்கெல்லாம் இதுதான் பதில்.

கடல் கடந்த காலம்

1900இல் பார்லிமெண்டிலேயே நேரில் முறையிடலாம் என்று லண்டனுக்குப் புறப்பட்டார். வழி மாறிற்று. ஆப்பிரிக்காவிலே தங்க நேர்ந்தது. பிறகு தென்னாப்பிரிக்காவின் நேட்டாலிலே நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் ஆனார். அங்கே வழக்கறிஞராக இருந்த காந்தியாருக்குத் தமிழிலே கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்தவர் சீனிவாசன்தான்!

அவர் அங்கே இருந்த காலத்தில், 1913இல், தென்னாப்பிரிக்க வெள்ளையர் அரசு ஒரு நிலச் சட்டம் கொண்டுவந்தது. அந்த நாட்டின் சொந்த மக்களான கறுப்பர்களுக்கு நூற்றுக்கு ஏழு பங்கு நிலம் மட்டும்! அதற்கு வெளியே அவர்கள் நிலம் வாங்கவே கூடாது! மக்கள் தொகையிலே மிகப் பெரும்பான்மையோருக்கு ஏழு பங்கு! செங்கற்பட்டிலே மிராசு என்று பெயர்; அங்கே நிறவெறி என்று பெயர். மண்ணின் மக்களை மண்ணிலிருந்து பிரித்துவிட்டால் கூலிக்காரன் தானாகக் கிடைப்பான் என்ற கணக்கு மட்டும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

ஏறத்தாழ இருபதாண்டுக்குப் பிறகு தாயகம் திரும்பினார். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. ஓய்வு எடுத்தாரா? இல்லை!

தெருவும் கிணறும்

1923இல் சென்னைச் சட்டமன்றத்துக்கு நியமன உறுப்பினரானார். 1924ஆம் ஆண்டை நாம் எப்படி நினைவில் வைத்திருக்கிறோம்? வைக்கம்! கோயிலைச் சுற்றியுள்ள தெருவிலே நடக்கும் உரிமைக்காகப் பெரியார் சிறை சென்ற ஆண்டு. அதே 1924இல் சென்னைச் சட்டமன்றத்திலே சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுத்தெரு, பொதுக்கிணறு, குளம், பொதுக் கட்டடம், எதையும் எந்த வகுப்பாரும் பயன்படுத்தலாம். தடுக்க எவருக்கும் உரிமை இல்லை என்பது அதன் சாரம். தீர்மானம் நிறைவேறிற்று, சர்க்கார் ஆணையாயிற்று. அங்கே பெரியார் தெருவிலே நின்று கேட்டார். இங்கே சீனிவாசன் மன்றத்திலே எழுந்து கேட்டார். கேட்டது ஒன்றே: நடக்க வழி!

நடக்க வழி கேட்பதும் உழ நிலம் கேட்பதும் வேறு வேறா? இல்லவே இல்லை. தாசில்தார் கச்சேரிக்குப் போகும் தெருவிலே நடக்க முடியாதவன் பட்டாவை எப்படி வாங்குவான்? கிணற்றிலே தண்ணீர் எடுக்க முடியாதவன் வயலுக்கு எப்படிப் பாய்ச்சுவான்? மானம் இல்லாமல் மண் நிற்காது. மண் இல்லாமல் மானம் நிலைக்காது. சீனிவாசனின் எண்பத்தாறு ஆண்டு வாழ்க்கையை ஒரு வரியிலே சொல்ல வேண்டுமானால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

1930இலும் 1931இலும் லண்டனிலே வட்டமேசை மாநாடு. தாழ்த்தப்பட்டோர் சார்பிலே அம்பேத்கரும் சீனிவாசனும் சென்றார்கள். அம்பேத்கருக்கு நாற்பது, சீனிவாசனுக்கு எழுபது தாண்டிய வயது. தாம் பறையர், தீண்டத்தகாதவர் என்று எழுதிய அடையாளத்தை மார்பிலே அணிந்துகொண்டார். ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் கைகுலுக்க வந்தபோது தயங்கினார். தாம் தீண்டத்தகாதவர் என்று காரணம் சொன்னார். சங்கடப்பட்ட மன்னர் அவர் கையைத் தாமே பற்றிக் குலுக்கினார். அது பணிவு அல்ல, தோழர்களே, பாடம்! உலகத்தின் பெரிய சாம்ராஜ்யத்தின் முன்னாலே, உன் ஆட்சியில் இப்படி ஒரு கொடுமை நடக்கிறது பார் என்று எடுத்துக்காட்டிய பாடம்! கோவைப் பள்ளியிலே சாதியை மறைத்து ஒதுங்கி நின்ற அந்தச் சிறுவன், லண்டன் அரண்மனையிலே அதை மார்பிலே எழுதிக்கொண்டு நிமிர்ந்து நின்றான்.

1932இல் புனா ஒப்பந்தம். காந்தியாரின் உண்ணாவிரதத்தால் தனித்தொகுதி உரிமை கைநழுவிற்று. ஒப்பமிட்டவர்களிலே சீனிவாசனும் ஒருவர். பின்னாளில் அம்பேத்கர் மதமாற்றம் பேசியபோது, நாம் இந்துவாக இருந்தால்தானே மாறுவதற்கு, நாம் வருணத்துக்கு அப்பாற்பட்டவர்கள் என்று சொல்லி மாறுபட்டார். ராவ்சாகிப், ராவ்பகதூர், திவான்பகதூர் என்று சர்க்கார் பட்டங்கள் வந்தன. தமிழ் மக்கள் தந்தது திராவிடமணி என்ற பட்டம். 1945 செப்டம்பர் 18ஆம் நாள் சென்னையிலே கண் மூடினார். 2000இல் அவர் படம் போட்ட அஞ்சல்தலை வந்தது. கிண்டியிலே மணிமண்டபம் நிற்கிறது.

மண்டபம் நிற்கிறது; மண்?

இனி, அவர் காலத்துக்குப் பின் நடந்ததைப் பார்ப்போம். குடியிருக்கும் இடம் குடியிருப்பவனுக்கே சொந்தம் என்று 1891இல் திரமென்ஹீர் எழுதினார் அல்லவா? அதைச் சட்டமாக்க எண்பதாண்டு ஆயிற்று. 1971இல், கலைஞர் ஆட்சியிலே, குடியிருப்புச் சட்டம் வந்தது. பண்ணையார் மனையிலே குடிசை போட்டிருந்த உழவுத் தொழிலாளிக்கு அந்த மனை சொந்தமாயிற்று. இது இயக்கத்தின் பெருமை. மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் பஞ்சமி நிலம்? 1994 அக்டோபர் 10! நினைவிருக்கிறதா? மாமல்லபுரத்துக்குப் பக்கத்திலே காரணை என்ற ஊர். தங்கள் பஞ்சமி நிலத்தை மீட்க எழுந்த மக்கள் அந்த நிலத்திலே அம்பேத்கர் சிலையை வைத்தார்கள். அதிகாரிகள் சிலையை அகற்றினார்கள். நியாயம் கேட்டுச் செங்கற்பட்டிலே திரண்டவர்கள்மீது போலீஸ் துப்பாக்கி வெடித்தது. ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரு தோழர்கள் உயிர்விட்டார்கள். 102 ஆண்டுக்கு முன் சர்க்கார் எழுதிக்கொடுத்த உரிமையைக் கேட்டதற்குச் சர்க்காரின் குண்டு! சீனிவாசன் பிறந்த அதே ஜில்லாவிலே, திரமென்ஹீர் கலெக்டராக இருந்த அதே ஜில்லாவிலே!

உலகம் வேறு வழியும் கண்டிருக்கிறது. ஆஸ்திரேலியாவிலே, வெள்ளைப் பிரபு ஒருவரின் வேவ் ஹில் மாட்டுப் பண்ணையிலே குறைகூலிக்குப் பாடுபட்ட குரிஞ்சி என்னும் பழங்குடித் தொழிலாளர்கள், 1966இல் வின்சென்ட் லிங்கியாரி தலைமையிலே வேலையை விட்டு வெளியேறினார்கள். கூலிப் போராட்டமாகத் தொடங்கியது நிலப் போராட்டமாயிற்று. ஒன்பதாண்டு அசையவில்லை! 1975 ஆகஸ்ட் 16ஆம் நாள் பிரதமர் விட்லம் நேரிலே வந்து, ஒரு பிடி மண்ணை அள்ளி லிங்கியாரியின் கையிலே கொட்டினார். நம் 1892 ஆணைக்குச் சரியாக நூறாண்டு கழித்து, 1992இல், அந்த நாட்டு உயர்நீதிமன்றம் மாபோ வழக்கிலே ஒரு தீர்ப்புச் சொல்லிற்று. வெள்ளையன் வந்தபோது அது யாருக்கும் சொந்தமில்லாத பூமி என்ற பொய் அன்று விழுந்தது. இணக்கம் என்பது கையிலே மண் விழுந்தபிறகு வருவது. மண்ணை வைத்துக்கொண்டு, வா தம்பி, கட்டிக்கொள்வோம் என்பது இணக்கமல்ல, ஏய்ப்பு!

தோழர்களே, கசப்பான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பஞ்சமி நிலம் பெரிய கம்பெனியின் கையிலே, கடற்கரை மாளிகைக்காரன் கையிலே இருந்தால் நமக்குப் பேச எளிது. மேடை போட்டு முழங்கலாம். நம்மைப் போன்ற சிறு விவசாயியின் கையிலே இருந்தால்? நம் மாமன் கையிலே, நம் மச்சான் கையிலே, கட்சிக்காரன் கையிலேயே இருந்தால்? அங்கேதான் நாம் பேசும் சமத்துவத்துக்குத் தேர்வு! அவனும் ஏழை என்றால் அவனுக்கு மாற்று நிலம் தரச் சர்க்காரைக் கேட்போம். ஆனால் எழுதப்பட்ட உரிமை எழுதப்பட்டவனுக்கே சேர வேண்டும்.

என்ன செய்யலாம்? ஊருக்கு ஊர் கிளைக் கழகம் இருக்கிறது. கிராம நிர்வாக அலுவலகத்தில் அ பதிவேடு இருக்கிறது. நகல் கேளுங்கள், தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பழைய பதிவேட்டில் டி.சி. என்ற குறிப்பு எந்தப் புல எண்ணுக்கு எதிரே இருக்கிறது என்று பாருங்கள். அதுதான் பஞ்சமி நிலத்தின் அடையாளம். 1980களில் நில ஆவணங்களைப் புதுப்பித்தபோது அந்தக் குறிப்பு பல ஊர்களிலே மறைந்துவிட்டது என்பது களத்திலே பாடுபடுவோரின் குறை. ஆகவே பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பட்டியல் எடுங்கள். சேரியையும் ஊரையும் ஒரே கூட்டத்தில் உட்கார வைத்துப் படித்துக் காட்டுங்கள். கையெழுத்துச் சேருங்கள். பஸ் இல்லாத காலத்தில், படித்தவன் கிடைக்காத காலத்தில் ஒருவர் 112 அடிக்குக் கையெழுத்துச் சேர்த்தார். இத்தனை கிளைகளும் இத்தனை கொடிகளும் வைத்திருக்கிற நம்மால் ஒரு ஊருக்கு ஒரு முழம் சேர்க்க முடியாதா?

சிலைக்கு மாலை போடுவோம், போட வேண்டியதுதான். மாலை வாடும் முன்பே பதிவேட்டைத் திறப்போம்!